பிரிப்பதற்காகத் தைத்த அங்கி

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துச் சீமாட்டிகள் உடுத்திய பட்டங்கிகளுள் ஒன்றை மியூசியத்தின் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்க்கிறவர்கள், புறத்தே இத்தனை சம்பிரமமாகத் தோன்றும் வஸ்திரம் உட்புறத்திலும் அதற்கேற்ற நுட்பத்தோடுதான் தைக்கப்பட்டிருக்கும் என்று எண்ணிக்கொள்வது இயல்பே. ஆனால் அதே அங்கியை மேசைமேல் புரட்டிப் போட்டு ஆராயும் பாக்கியம் வாய்த்தவர்கள் கண்டது வேறு. பாவாடைப் பகுதியின் அகலங்களை ஒன்றோடொன்று சேர்க்கும் தையல், கிழிந்த தலையணை உறையை அவசரத்தில் மூட்டியதுபோல் நீள நீளமாக ஓடுகிறது. உள்ளே வைத்த லினன் துணியின் ஓரங்கள் மடிக்கப்படாமல் பிசிறு தெரிய நிற்கின்றன. நூலின் நிறம் பட்டின் நிறத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்ற கவலைகூடப் பல இடங்களில் தைத்தவளுக்கு இருந்ததாகத் தோன்றவில்லை. அந்த அங்கிக்கும் உள்ளே, உடம்பை ஒட்டி அணிந்த லினன் உட்சட்டையை எடுத்துப் பார்த்தாலோ, கணவனும் பணிப்பெண்ணும் சலவைக்காரியும் அன்றி வேறொருவர் கண்ணிலும் படாத அந்த எளிய உடையில், தையல்கள் கடுகினும் சிறியனவாக, ஓரங்கள் யாவும் உள்மடிந்து, இழை ஒன்று வெளியே நீட்டாதபடி நேர்த்தியாக அமைந்திருக்கும். ஊரார் காணும் உடைக்கு முரட்டுத் தையலும், ஒருவரும் காணாத உடைக்கு நுண்தையலுமாக வாய்த்த இந்த முரண்பாட்டின் காரணத்தை அறிந்துகொண்டவருக்கு, அக்காலத்து உடையை இன்று வீட்டிலிருந்தே தைக்கும் வித்தையில் பாதி கைவந்துவிட்டது என்றே சொல்லலாம்.

காரணம் யாதெனில், உட்சட்டை துவைபடப் பிறந்தது. பட்டங்கி பிரிபடப் பிறந்தது. வியர்வையையும் அழுக்கையும் தான் ஏற்றுக்கொண்டு மேலுள்ள விலையுயர்ந்த துணியைக் காப்பதே உட்சட்டையின் கடமையாகையால், அது சாம்பற்காரத்தில் ஊறி, அடிபட்டு, பிழியப்பட்டு, புல்தரையில் விரிக்கப்பட்டு வெயிலில் வெளுத்து, மீண்டும் மீண்டும் அதே சிட்சைக்கு உள்ளாக வேண்டியிருந்தது. அவ்வளவையும் தாங்கி நிற்கத் தையல் பொடியாகவும் கெட்டியாகவும் இருந்தாலன்றி முடியாது. பட்டங்கியோ தண்ணீரைக் கண்டறியாதது. அதன் கதி வேறு. அந்நாளில் பட்டுத்துணியின் அகலம் ஏறக்குறைய 20 அங்குலமே. ஓர் அங்கிக்கும் அதன் உட்பாவாடைக்குமாக 20 கெஜம் வரையிலும் செலவாகும். அத்தனை பட்டுக்கும் பல பவுன்கள் கொடுத்த குடும்பம், அதைத் தைத்துக் கொடுத்தவளுக்குக் கொடுத்த கூலி சில ஷில்லிங்குகள்தாம். ஆகவே துணிதான் சொத்து. அங்கி என்பது அந்தச் சொத்து சில ஆண்டுகளுக்கு எடுத்துக்கொண்ட ஒரு ரூபம். பாணி மாறியதும் தையலைப் பிரித்து, மங்கிய பக்கத்தை உள்ளே திருப்பி, வேறு வடிவில் தைத்துக்கொள்வார்கள். அதன்பின் மகளுக்கு, பிறகு பணிப்பெண்ணுக்கு, கடைசியில் குழந்தைச் சட்டைக்கோ மெத்தை விரிப்புக்கோ அது போய்ச் சேரும். நெருக்கமாகப் போட்ட தையலைப் பிரித்தால் ஊசித்துளைகள் பட்டில் வடுவாக நின்றுவிடும்; நீண்ட தையலோ ஓரிழையை அறுத்து இழுத்தால் கையோடு வந்துவிடும். அந்த முரட்டுத்தனத்தில் இருந்தது சோம்பலன்று, சிக்கனம்.

இவற்றைத் தைத்தவர்கள் யார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையில் பாரிஸில் மேன்மக்களின் உடையை ஆண், பெண் இருபாலாருக்கும் தைக்கும் உரிமை ஆண் தையற்காரர்களின் சங்கத்துக்கே சாசனமாக இருந்தது. 1675இல் பதினான்காம் லூயி மன்னன் தையற்காரிகளுக்குத் தனிச் சங்கம் அமைத்துக்கொள்ள அனுமதி அளித்தான். அதே காலத்தில், இருபுறமும் விறைத்து நிற்கும் பழைய மேற்கச்சுக்குப் பதிலாக, தோளிலிருந்து தொங்கும் நீண்ட துணிகளை மடிப்பு வைத்து உடம்பில் அமைக்கும் தளர்ந்த அங்கி ஒன்று பரவத் தொடங்கியது; அதைத் தைப்பதே பெண்களின் தொழிலாயிற்று. திமிங்கிலத்தின் வாயில் வளரும் தகடுகளைக் குச்சிகளாகக் கீறிச் செருகிய இறுக்குக் கச்சு மட்டும் பெரும்பாலும் ஆண்களிடமே நின்றது. வீட்டுப் பெண்களின் ஊசிக்கு உரியவை எவை என்றால், உட்சட்டைகள், ஆடவரின் சட்டைகள், தலைக்குல்லாய்கள், கழுத்துத் துணிகள், படுக்கை விரிப்புகள் ஆகிய லினன் வேலைகள் ஒருபுறம். தையற்காரி தைத்துக் கொடுத்த அங்கியைப் பின்னாளில் பிரித்து மாற்றும் வேலை மறுபுறம். ஜேன் ஆஸ்டின் போன்ற நாவலாசிரியையும் தம் சகோதரர்களுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தவர்தாம். அவருடைய கடிதங்களில் துணி விலையும், பழைய கவுனைப் புதிதாக்கும் யோசனைகளும் கதாபாத்திரங்களைப் போலவே அடிக்கடி வந்து போகின்றன.

உட்சட்டையை வெட்டும் முறை ஒன்றே அக்காலத்துக் கணக்கறிவுக்குப் போதிய சான்று. லினன் துணியை நீளவாக்கில் மடித்துக் கழுத்துக்கு ஒரு திறப்பு வெட்டுவார்கள். தோளருகே அகலம் குறையவும் காலருகே அகலம் கூடவும் வேண்டுமல்லவா? அதற்காக மேற்பகுதியின் இருபுறத்திலும் கூம்பிய முக்கோணத் துண்டுகளை வெட்டி எடுத்து, அவற்றையே தலைகீழாகத் திருப்பிக் கீழ்ப்பகுதியின் பக்கங்களில் சேர்த்துவிடுவார்கள். வேண்டாத இடத்தில் கழிந்தது வேண்டிய இடத்தில் நிரம்பிவிடும். கைகள் வெறும் நீள்சதுரங்கள். கையைத் தூக்கும்போது துணி கிழியாமலிருக்க அக்குளில் ஒரு சிறு சதுரத்தை மூலைவாட்டில் திருப்பி வைப்பார்கள். இவ்வளவுக்கும் பிறகு மீதி விழும் துணி ஒரு பிடிகூட இராது. 1771இல் கார்சோ என்ற பிரெஞ்சு ஆசிரியர் லினன் தையற்காரிகளின் தொழிலைப் பற்றி வெளியிட்ட நூலில் இத்தகைய வெட்டுமுறைகளைப் படங்களோடு விளக்கியிருக்கிறார். தைக்கும் நூலைத் தேன்மெழுகுக் கட்டியின்மீது ஓட்டி எடுப்பார்கள். மெழுகு ஏறிய நூல் முறுக்கிக்கொள்ளாது, துவைப்பில் சீக்கிரம் இற்றுப்போகாது. சேர்க்கும் இரண்டு விளிம்புகளில் ஒன்றை ஒட்ட வெட்டி, மற்றதை அதன்மேல் மடித்து மூடி, மறுபடியும் ஒரு வரிசை தைத்து அமுக்கினால், எந்தப் பக்கத்திலும் பிசிறு இராது. கடைசியில் சிவப்பு நூலாலோ நீல நூலாலோ பெயரின் முதலெழுத்தும் வரிசை எண்ணும் குறுக்குத் தையலில் எழுதப்படும். சலவைக்குப் போய்வரும்போது ஒருத்தியின் சட்டை மற்றொருத்தியின் பெட்டிக்குள் நுழைந்துவிடாதிருக்க அது காவல்.

துவைபடுவது ஒன்று, பிரிபடுவது ஒன்று என்று இவ்வாறு இரண்டாக வகுத்து வாழ்ந்த சமூகத்தில், துவைக்கவும் பிரிக்கவும் இரண்டுக்கும் இடந்தரும் துணி ஒன்று கப்பலேறி வந்து சேர்ந்தது. அது சோழமண்டலக் கரையிலிருந்து போன பருத்திச் சீட்டி. மசூலிப்பட்டினம், பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் முதலிய துறைகளில் டச்சுக்காரர்களும், சென்னைக் கோட்டையிலிருந்து ஆங்கிலேயர்களும் அதை ஏற்றுமதி செய்தார்கள். ஐரோப்பியருக்குத் தெரிந்த அச்சுத்துணிகளில் சாயம் நீரில் கரைந்தோடும். இந்தச் சீட்டியோ துவைக்கத் துவைக்கத் துலங்குவதாகப் பெயர் பெற்றது. அதன் இரகசியத்தை அறியவே பிரெஞ்சுக்காரர்கள் ஆள் அனுப்பினார்கள். கெர்தூ என்னும் ஏசு சபைப் பாதிரியார், தம்மிடம் ஞானஸ்நானம் பெற்ற சாயக்காரர்களிடம் கேட்டறிந்து 1742இல் எழுதிய கடிதத்தில் அந்த முறையை வரிசையாக விவரித்தார். வெளுத்த துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் தோய்த்து உலர்த்துவது முதற்படி. பாலின் கொழுப்பு, பின்னால் எழுதும் கரைசல் கசிந்து பரவாமல் தடுக்கிறது. சிவப்பு வேண்டிய இடங்களில் படிகாரக் கரைசலால் எழுதிச் சாயவேர் நீரில் கொதிக்கவிட்டால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பேறும். கருங்கோடுகள் இரும்புக் கரைசலால் எழுதப்படும். நீலத்துக்கு, நீலம் ஏறக்கூடாத இடங்களை எல்லாம் மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் அமிழ்த்த வேண்டும். பச்சை என்று தனிச் சாயம் கிடையாது. நீலத்தின்மேல் மஞ்சளைத் தீட்டுவார்கள். அந்த மஞ்சள் ஒன்றே நிலையாதது; ஆகையால் மியூசியங்களில் இன்று நாம் காணும் பழைய சீட்டிகளில் கொடியும் இலையும் நீலமாய் நிற்கின்றன.

வாங்கும் நாட்டின் ரசனையும் எழுதும் கையைத் திருத்தியது. 1643இல் லண்டனிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியார் சூரத்துக்கு எழுதிய கடிதத்தில், அங்கிருந்து வரும் விரிப்புகள் சோபையற்ற சிவப்புத் தரையாக இருப்பதாகக் குறைப்பட்டு, வெள்ளைத் தரையும் நடுவே வண்ணக் கொடியுமாக அனுப்பக் கேட்டார்கள். முதலில் சுவருக்கும் படுக்கைக்குமாக வாங்கியவர்கள் சீக்கிரத்தில் உடம்புக்கும் வாங்கத் தலைப்பட்டார்கள். நாட்குறிப்பால் பெயர்பெற்ற சாமுவேல் பெப்பீஸ் 1661இல் தமக்கு ஓர் இந்திய அங்கியும், 1663இல் மனைவியின் அறைச் சுவரில் பொருத்தச் சீட்டியும் வாங்கினார். 1666இல் தம் உருவப்படத்துக்கு உட்காரும்போது இந்திய அங்கி ஒன்றை வாடகைக்கு எடுத்து அணிந்துகொண்டார் என்பது, மனிதசுபாவம் எக்காலத்துக்கும் ஒன்றுதான் என்பதற்கு ஒரு வேடிக்கையான அத்தாட்சி.

இந்த மோகத்தைக் கண்டு உள்நாட்டுப் பட்டு, கம்பளி நெசவாளர்கள் வயிறெரிந்ததில் வியப்பில்லை. பிரான்சு 1686இல் சீட்டியைத் தடைசெய்து 1759 வரையில் அத்தடையை நீட்டித்தது. இங்கிலாந்து 1701 முதல் அச்சிட்ட கீழ்நாட்டுப் பருத்தியை இறக்குமதி செய்து உள்நாட்டில் உடுத்துவதைத் தடுத்தது. அதுவும் போதாமல் 1719இல் லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் தெருவில் இறங்கி, பருத்தியங்கி அணிந்து வந்த பெண்களின் உடைகளைக் கிழித்தும், மையும் திராவகமும் வீசியும் கலகம் விளைத்தார்கள். 1721இல் இயற்றி அடுத்த ஆண்டின் இறுதியில் அமலுக்கு வந்த சட்டத்தின்படி, அச்சிட்ட பருத்தியை உடுத்தினவளுக்கு 5 பவுன் அபராதம். மஸ்லினுக்கும், முழுவதும் ஒரே நீலமாகத் தோய்த்த துணிக்கும் மட்டும் விலக்கு. இவ்வளவு கெடுபிடிக்கும் சீட்டி மறைந்துவிட்டதா என்றால், இல்லை. கடைத்தெருவை விட்டு வீட்டுக்குள் போயிற்று. கள்ளக் கடத்தலில் வந்த துண்டுகளும், தடைக்குமுன் வாங்கிய பழைய அங்கிகளும், காலையில் வீட்டுக்குள் அணியும் உடைகளாகவும், உட்பாவாடைகளாகவும், மெத்தை விரிப்புகளாகவும் வீட்டு ஊசியிலேயே உருமாறிக்கொண்டிருந்தன. பிரான்சிலோ, மன்னனின் பிரியநாயகி பொம்பதூர் சீமாட்டியே தன் பெல்வியூ மாளிகையைத் தடைசெய்த சீட்டியால் அலங்கரித்திருந்தாள். சட்டம் சாமானியரின் தெருவுக்கே உரியது போலும்.

1736இல் லினன் பாவும் பருத்தி ஊடையுமாக உள்நாட்டில் நெய்து அச்சிட்ட துணிக்கு இங்கிலாந்து வழிவிட்டது. 1774இல் உள்நாட்டு முழுப்பருத்திக்கும் அனுமதி கிடைத்தது; ஆனால் அது இங்கிலாந்தில் நெய்ததே என்று காட்ட, ஓரக்கரையில் மூன்று நீல இழைகள் ஓட வேண்டும் என்பது விதி. 1811 வரையில் இருந்த அந்த விதி இன்றைய ஆராய்ச்சியாளர்களுக்குக் காலக் கண்ணாடியாகிவிட்டது. எப்படியெனில், துணியை வீணாக்க மனமில்லாத தையற்காரிகள் ஓரக்கரையை வெட்டியெறியாமல் அப்படியே மூட்டில் சேர்த்துத் தைத்துவிட்டதால், அந்த நீல இழைகள் பல அங்கிகளின் உள்ளே இன்றும் ஓடுகின்றன.

சாதாரணப் பெண்கள் என்ன உடுத்தினார்கள் என்பதற்குச் சான்று எங்கே கிடைக்கும்? அரண்மனை உடை மியூசியத்துக்கு வரும். ஏழையின் உடை கந்தலாகிக் காகித ஆலைக்குப் போகும். எனினும், மனத்தைப் பிசையும் ஒரு களஞ்சியம் தப்பியிருக்கிறது. 1741 முதல் லண்டன் அனாதைக் குழந்தைகள் விடுதியில் தாய்மார் விட்டுச்சென்ற சிசுக்களின் பதிவுச்சீட்டில், பின்னாளில் அடையாளம் காணவேண்டி, தாயின் உடையிலிருந்தோ பிள்ளையின் உடையிலிருந்தோ வெட்டிய சிறு துண்டு ஒன்றைக் குத்தி வைப்பார்கள். அவ்வாறு சேர்ந்த ஏறக்குறைய 5000 துண்டுகளில் பூப்போட்ட லினனும் பருத்தியும் ஏராளம். வசதியுள்ள வகுப்பாருக்கு மற்றொரு சான்று, பார்பரா ஜான்சன் என்ற பாதிரியார் மகள் 1746இல் எட்டு வயதில் தொடங்கி 1823 வரையில் பராமரித்த துணிப் புத்தகம். தான் தைப்பித்த ஒவ்வோர் உடையின் துணியிலும் ஒரு நறுக்கை ஒட்டி, எத்தனை கெஜம், என்ன அகலம், என்ன விலை என்று பக்கத்திலேயே எழுதிவைத்திருக்கிறாள். அந்தக் கணக்குகளில் துணிக்குரிய முதன்மை இடத்தைக் காணும்போது, மேலே சொன்ன சிக்கனம் ஏட்டுச் சித்தாந்தமன்று என்பது விளங்கும்.

ஹாலந்து சீட்டியைத் தடைசெய்யவில்லை. அதனால் அங்கே ஃப்ரீஸ்லாந்து மாகாணத்துக் கடலோடிகளின் ஊராகிய ஹிண்டலோப்பனில், சோழமண்டலச் சீட்டியால் தைத்த நீண்ட திறந்த மேலங்கி பெண்களின் சம்பிரதாய உடையாகவே நிலைத்தது. மணக்கோலத்துக்கும் மங்கல நாட்களுக்கும் சிவப்பு மேலோங்கிய சீட்டி. துக்கத்துக்கு நீலமும் வெள்ளையுமான சீட்டி. லேவார்டன் நகரிலுள்ள ஃப்ரீஸ் மியூசியத்தில் இவ்வங்கிகளைக் கூர்ந்து பார்த்தால், கையிலும் அக்குளிலும் பூவுக்குப் பூ பொருந்தாமல் ஒட்டுப்போட்ட துண்டுகள் தென்படும். நம் கரையில் நெய்து எழுதிய துணியை நம் நாட்டுப் பெண்கள் வெட்டாமலே உடுத்தினார்கள். ஹிண்டலோப்பன் பெண்கள் வெட்ட மனமில்லாமல் வெட்டி உடுத்தினார்கள். வேறுபாடு நாம் நினைக்குமளவு பெரிதன்று.

அங்கி உருவாகும் விதத்திலும் இதே மனம் தெரியும். தையற்காரியிடம் இஞ்சு நாடா இல்லை. நீண்ட காகிதப் பட்டை ஒன்றில் தோளுக்கு ஒரு கீறல், மார்புக்கு ஒரு கீறல், இடுப்புக்கு ஒரு கீறல் என்று வெட்டி அளவெடுப்பாள். முதலில் லினன் உள்துணியை, அணிபவளின் கச்சுக்கு மேலேயே வைத்துக் குண்டூசி குத்தி உடம்புக்குப் பொருத்துவாள். பிறகு சீட்டியின் முழு அகலத்தையும் கழுத்திலிருந்து தரைவரை தொங்கவிட்டு, முதுகு நடுவில் மடிப்புகளை எடுத்து, மேற்புறத்திலிருந்தே உள்துணியோடு சேர்த்துத் தைத்துக்கொண்டு இறங்குவாள். இடுப்புக்கு வந்ததும், வேண்டாத அகலத்தை வெட்டிவிடாமல் அப்படியே கீழே விரித்துப் பாவாடையின் கொசுவமாக்கிவிடுவாள். பாவாடையைத் தரைக்குச் சமமாக்குவதும் விசித்திரமானது. நாம் கீழ்விளிம்பை வெட்டி மடிப்போம். அவர்கள் கீழ்விளிம்பைத் தொடாமல், இடுப்பில், பாவாடைக்கு அடியில் கட்டும் அடிவளையத்தின் மேட்டுக்கேற்பக் கூடுதலும் குறைவுமாக மடித்துச் சமன்செய்வார்கள். சோழமண்டலத்திலிருந்து வந்த பாவாடைத் துண்டுகளில் கீழே கரைச்சித்திரம் எழுதியிருக்கும்போது, வேறு வழியுமில்லை. முன்புறத்தில் பொத்தானும் கொக்கியும் அரிது. உடுத்தும்போதெல்லாம் குண்டூசியால் குத்திக்கொள்வார்கள். அதனால் அதே அங்கி கர்ப்பிணிக்கும், இளைத்தவளுக்கும், தங்கைக்கும் பொருந்தும்.

19ஆம் நூற்றாண்டில் இந்த வித்தை மெல்ல மறைந்தது. தையல் இயந்திரத்துக்கு 1846இல் எலியாஸ் ஹோவும் 1851இல் ஐசக் சிங்கரும் காப்புரிமை பெற்றார்கள். 1863இல் எபனேசர் பட்டரிக் அளவு வாரியாக வெட்டிய காகித மாதிரிகளை விற்கத் தொடங்கினார். ஆலைத்துணி மலிந்த உலகில் துணியைக் காப்பாற்றுவதற்கு அவசியமில்லை. மாதிரிக் காகிதத்தை வைத்து வெட்டி, மூலையில் விழுந்ததைக் குப்பையில் போட்டார்கள். மறைந்ததை மீட்டவர்கள் இருவரைக் குறிப்பிடலாம். நோரா வா 1954இல் கச்சுகளையும் அடிவளையங்களையும் பற்றி எழுதினார். 1968இல் பெண்களின் உடை வெட்டுமுறையைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. 1964இல் தம் நூலின் முதற்பகுதியை வெளியிட்ட ஜேனட் ஆர்னால்டு, மியூசியத்து உடைகளின் ஒவ்வொரு துண்டையும் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கிக் கட்டம்போட்ட தாளில் வரைந்தார். ஒட்டுத்துண்டையும் பழைய மடிப்பின் தடத்தையும் அழகுக்குறைவு என்று ஒதுக்காமல் குறித்துவைத்ததே அவருடைய பெருமை. இன்று வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கில் கைத்தொழிலாளர்கள் பழைய முறையிலேயே அங்கி தைத்துக் காட்டுகிறார்கள். அதைப் பின்பற்றித் தத்தம் வீட்டு மேசையில் தைப்போரும் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

அவ்வாறு வீட்டில் தைப்பவர்கள் பெரிதும் அலட்டிக்கொள்வது, மறைந்த மூட்டுகளை இயந்திரத்தில் தைக்கலாமா கூடாதா என்பதைப் பற்றி. என் அபிப்பிராயத்தில் பாவாடையின் நீண்ட மூட்டில் இயந்திரம் ஓடியதால் ஒரு குடியும் முழுகிவிடாது. துணியை எட்டுத் துண்டாக வெட்டியெடுத்து, முதுகையும் பாவாடையையும் தனித்தனியே தைத்து இடுப்பில் ஒட்டிவிட்டு, அதன்மேல் கைத்தையலை அலங்காரமாகப் போடுவதுதான் பொருந்தாத காரியம். கச்சு இல்லாமல் அங்கியைப் பொருத்த முயல்வதும் அப்படியே. தன் முதுகைத் தானே பொருத்திக்கொள்ள ஒருவராலும் முடியாது. அந்நாளில் அதற்குச் சகோதரியோ தோழியோ இருந்தார்கள், இந்நாளில் தங்கள் அளவுக்குப் பஞ்சடைத்த உருவத்துக்குக் கச்சை மாட்டி அதன்மேல் குண்டூசி குத்துகிறார்கள்.

எஞ்சுவது துணி. 1868இல் ஜெர்மானிய ரசாயனிகளான கிரேபேயும் லீபர்மானும் வேரிலிருந்து வந்த சிவப்பை ஆய்வுக்கூடத்தில் சமைத்துக் காட்டியபின், சோழமண்டலத்துச் சாயவேர்க் கொல்லைகளுக்கும் ஐரோப்பாவின் மஞ்சிட்டிக் கொல்லைகளுக்கும் வேலையில்லாமற் போயிற்று. ஆகவே இன்று வீட்டில் தைப்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் பழைய சீட்டியைப் பார்த்து இயந்திரத்தில் அச்சிட்ட துணி. அதை வாங்குமுன் இலைகளின் நிறத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. மியூசியத்துத் துண்டை உள்ளபடி படியெடுத்தவர் இலையை நீலமாக அச்சிட்டிருப்பார். சீட்டி கப்பலிலிருந்து இறங்கிய அன்று அதை உடுத்தினவளோ பச்சை இலையைத்தான் உடுத்தினாள். அவளுடைய அங்கியைத் தைக்க விரும்புகிறவர் பச்சை இலையுள்ளதையே தேடி வாங்க வேண்டும்.